'என்-ஆவது அறை' வழக்கு: காசு கட்டிப் பார்த்தவனும் குற்றவாளிதானா?

சேலத்துக்காரன்

கொரியத் தொடர்கள் இழையில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டதால், இதைத் தனியாகத் தொடங்கச் சொன்னார் நெறியாளர்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 கடைசியில் தென் கொரியாவில் 'காட்காட்' என்ற புனைபெயரில் ஒருவன் டெலிகிராமில் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு அரட்டை அறைகள் திறந்தான். 'என்-ஆவது (Nth) அறை' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பள்ளிப் பெண்களை மிரட்டி, அவர்களையே படம் எடுத்து அனுப்ப வைத்து, அதை அந்த அறைகளில் போட்டான். அவன் ஒதுங்கியதும் 'பாக்சா' என்ற பெயரில் இன்னொருவன் அதையே வியாபாரமாக்கினான். நுழைவுக் கட்டணம் இரண்டரை லட்சம் வொன்னில் தொடங்கிப் பதினைந்து லட்சம் வரை. பிட்காயின் மாதிரி கிரிப்டோ நாணயத்தில் கட்ட வேண்டும். அன்றைய நம் காசுக்குப் பதினைந்தாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் பாக்சா பிடிபட்டான். பெயர் சோ ஜூ-பின், வயது 24. கல்லூரிப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவன், குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்தவன். அப்போது போலீஸ் சொன்ன கணக்கில் பாதிக்கப்பட்டவர்கள் 74 பேர், அதில் 16 பேர் மைனர்கள். முதலில் 40 ஆண்டு, இன்னொரு வழக்கில் 5 ஆண்டு. மேல்முறையீட்டில் இரண்டும் சேர்ந்து 42 ஆண்டு ஆனது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்காடுக்கு 34 ஆண்டு.

இவர்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. காசு கட்டி உள்ளே போய்ப் பார்த்தவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்த இழையில் ஒருவர், "அவன் பார்க்கத்தானே செய்தான், யார் மேலும் கை வைக்கவில்லையே" என்று எழுதினார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்களும் அங்கே இருப்பவர்களும் சொல்லுங்கள்.

தேஜோன்தமிழன்

நான் அப்போது இங்கே ஆய்வு மாணவன். கொரோனா முதல் அலை நேரம், தொலைக்காட்சியில் வேறு செய்தியே கிடையாது. அதையும் தள்ளிக்கொண்டு இந்த வழக்கு முதல் பக்கத்துக்கு வந்தது. சோ ஜூ-பின்னின் முகத்தையும் பெயரையும் வெளியிடச் சொல்லி அதிபர் மாளிகை மனுத் தளத்தில் 25 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நீங்கள் கேட்கிற கேள்வியை வைத்தே இன்னொரு மனு: அறைகளில் இருந்த அத்தனை பேர் பெயரையும் வெளியிடு என்று. அதற்கும் 20 லட்சத்தைத் தாண்டியது. பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ் ஒரு சந்தேக நபரின் அடையாளத்தை கொரியப் போலீஸ் வெளியிட்டது அதுதான் முதல் முறை.

இணையத்தில் '2.6 லட்சம் பேர் பார்த்தார்கள்' என்று ஒரு எண் சுற்றும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல டெலிகிராம் அறைகளின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டி வந்த கணக்கு அது. ஒரே ஆள் பத்து அறையில் இருந்தால் பத்துப் பேராக விழுந்திருக்கும். போலீஸ் தனிப்பிரிவு 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை டிஜிட்டல் பாலியல் குற்றங்களில் பிடித்தவர்கள் 3,575 பேர், சிறையில் அடைத்தது 245 பேரை. பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் பதின்ம வயதினரும் இருபதுகளில் இருந்தவர்களும்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தது போலீஸ் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதழியல் படித்த இரண்டு கல்லூரி மாணவிகள் 2019 ஜூலையில் ஒரு புலனாய்வுக் கட்டுரைப் போட்டிக்காகத் தேடப்போய் இந்த அறைகளைக் கண்டார்கள். புகார் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2019 நவம்பரில் ஹன்க்யோரே நாளிதழ் தொடராக எழுதியது. அப்போதும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுதிய நிருபரின் விவரங்களைத் தோண்டச் சொல்லி அறைக்காரர்களை பாக்சா ஏவிவிட்டதுதான் நடந்தது.

ரவி_கோவை

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். முதல் படத்தை அந்தப் பெண்கள் ஏன் அனுப்பினார்கள்? முகம் தெரியாதவனுக்கு அனுப்பாமல் இருந்தால் மிரட்டவே முடியாதே. நான் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கவில்லை. எனக்கும் மகள் இருக்கிறாள், அந்த பயத்தில்தான் கேட்கிறேன்.

தேஜோன்தமிழன்

ரவி அண்ணா, எப்படி நடந்தது என்று பார்த்தால் அந்தக் கேள்வியே மாறிவிடும்.

காட்காட் செய்தது: டுவிட்டரில் பெயர் தெரியாமல் எதையோ பதிவிட்டுக்கொண்டிருந்த சிறுமிகளுக்குப் போலீஸ் மாதிரி செய்தி அனுப்புவது. 'உன் மேல் புகார் வந்திருக்கிறது, விசாரணைக்கு இந்த இணைப்பில் விவரம் கொடு.' பயந்துபோய்ப் பெயர், பள்ளி, வீட்டு எண் கொடுப்பாள். அங்கே முடிந்தது கதை. அடுத்த செய்தியே, 'சொல்வதைச் செய், இல்லை அப்பாவுக்கு அனுப்புவேன்.'

பாக்சா செய்தது வேறு. அதிகச் சம்பளத்தில் பகுதிநேர வேலை என்று விளம்பரம். வேலைக்குச் சம்பளம் போட வேண்டும், அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் அனுப்பு என்பான். மாவட்ட அலுவலகங்களில் ராணுவ சேவைக்குப் பதிலாகப் பொதுப்பணி செய்த இளைஞர்கள் அவனுக்குக் கையாட்களாக இருந்தார்கள். அரசு கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டி, வீட்டு முகவரியை எடுத்துக் கொடுப்பது இவர்கள் வேலை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவள் வீட்டு முகவரியையே அனுப்பினால் அவள் என்ன செய்வாள்?

மல்லிகா_டீச்சர்

உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், ஊர் வேண்டாம். ரவி சார் கேட்ட அதே கேள்வியைத்தான் வீட்டில் எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணமே அதுதான். எங்களிடம் வருகிற பெண்கள் முதலில் சொல்வது "டீச்சர், வீட்டுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிடுவாங்க, படிப்பை நிறுத்திடுவாங்க" என்பது. மிரட்டுகிறவன் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். "அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்கிற ஒரு வரியை வைத்தே பிழைக்கிறான். அப்பாவிடம் சொன்னால் அப்பா நம் பக்கம் நிற்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது.

மகள் மேல் பயம் இருக்கிறவர் இன்றைக்கே போய் "என்ன நடந்தாலும் திட்ட மாட்டேன், என்கிட்ட வந்து சொல்லு" என்று சொல்லிவையுங்கள் சார்.

ரவி_கோவை

சொல்கிறேன் டீச்சர். ஆனாலும் எச்சரிக்கையாக இரு என்று சொல்வதே தப்பு என்கிற மாதிரி பேசாதீர்கள்.

வைகை_வக்கீல்

சேலத்துக்காரர் கேட்டதற்கு வருகிறேன். கொரியாவில் 2020க்கு முன்னால் நிலைமை அந்தத் தொடர் இழைக்காரர் சொன்ன மாதிரிதான் இருந்தது. சிறார் சம்பந்தப்பட்ட படத்தை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். நடைமுறையில் அபராதத்தோடு போய்விடும். இறக்கிவைக்காமல் பார்த்தால் வழக்குப் போடுவதே கஷ்டம். பெரியவர்களை ரகசியமாக எடுத்த படமாக இருந்தால் வைத்திருப்பதற்கும் பார்ப்பதற்கும் தண்டனையே இல்லை.

2020 மே, ஜூனில் அவசரமாகத் திருத்தினார்கள். சிறார் படத்தை வாங்கினாலோ வைத்திருந்தாலோ தெரிந்தே பார்த்தாலோ குறைந்தது ஓராண்டு சிறை. அபராதம் என்கிற வழியையே அடைத்துவிட்டார்கள். பெரியவர்களின் திருட்டுப் படங்களைப் பார்த்தால் மூன்றாண்டு வரை. சம்மத வயதையும் 13இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். 2021 செப்டம்பரிலிருந்து சிறார் வழக்குகளில் போலீஸ் வேறு ஆளாக நடித்து உள்ளே போகலாம்.

ஆனால் பாக்சா அறையில் காசு கட்டியவர்களைப் பழைய சட்டத்திலேயே பிடித்தார்கள், அதுதான் எனக்கு சுவாரசியம். குற்றக் கும்பல் என்ற பிரிவு. ரவுடிக் கூட்டங்களுக்காக இருந்த பிரிவை அரசுத் தரப்பு இங்கே கொண்டுவந்தது. பணம் கட்டுகிறான், என்ன வேண்டும் என்று கேட்கிறான், அவன் கேட்டது நடக்கிறது. ஆகவே அவன் பார்வையாளன் இல்லை, அமைப்பின் அங்கம் என்பது வாதம். 2020 நவம்பர் தீர்ப்பில் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. கட்டண உறுப்பினர்கள் இருவருக்கு ஏழும் எட்டும் ஆண்டுகள். "பார்க்கத்தானே செய்தான்" என்றவருக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

மறையீடு

மென்பொருள் ஆள் என்ற முறையில் இன்னொன்று சேர்க்கிறேன். என்-ஆவது அறைக்கு மக்கள் அப்படிக் கொதித்ததற்கு முன்கதை உண்டு. 'வெல்கம் டு வீடியோ' என்று டார்க்வெப்பில் (சாதாரணத் தேடலில் வராத மறைவான இணையம்) ஒரு தளம், 2015 முதல் 2018 வரை. முழுக்க முழுக்க குழந்தைகளின் படங்கள். நடத்தியது சோன் ஜாங்-ஊ என்ற கொரியன், இருபது சொச்ச வயது, சர்வர் அவன் வீட்டிலேயே இருந்தது. அமெரிக்க வருமான வரித்துறையின் குற்றப் பிரிவுதான் பிடித்தது. எப்படி என்றால், தளத்தின் பக்க மூலத்திலேயே உண்மையான ஐபி முகவரி தெரிந்தது. அப்புறம் பிட்காயின். தளம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பணம் கட்ட ஒரு பிட்காயின் முகவரி கொடுக்கும். அதிகாரிகளே சிறு தொகை செலுத்தி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று தொடர்ந்தார்கள். அடையாளச் சான்று வாங்கும் கிரிப்டோ பரிமாற்றகத்தில் அவன் பெயரில் இருந்த கணக்கில் போய் நின்றது. பிட்காயினில் கட்டினால் ஆள் தெரியாது என்று நினைத்தவர்களையும் பிட்காயின் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேட்டை வைத்தே பிடித்தார்கள். 2019 அக்டோபரில் அறிவித்தபோது 38 நாடுகளில் 337 பேர் கைது, 23 குழந்தைகள் மீட்பு.

சோன் ஜாங்-ஊவுக்குக் கொரியாவில் கிடைத்தது பதினெட்டு மாதம். முதல் தீர்ப்பில் அதுவும் இல்லை, நிறுத்திவைத்த தண்டனை. அமெரிக்கா அவனை அனுப்பச் சொல்லிக் கேட்டது, 2020 ஜூலையில் சோல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே சமயத்தில் கொரோனாவில் வேலை போய்ப் பசிக்கு 18 முட்டை திருடிய ஒருவருக்கும் அரசுத் தரப்பு பதினெட்டு மாதம் கேட்டிருந்தது. நாடே அதைச் சொல்லித் திட்டியது.

நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். 'ஆராய்ச்சிக்காக' என்று சொல்லி அறைப் பெயர்கள் கேட்டவரின் கணக்கு முடக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட யாருடைய பெயரும் படமும் எந்தக் காரணத்துக்காகவும் இங்கே வரக்கூடாது. பொள்ளாச்சி வழக்கைப் பற்றிப் பேசினாலும் இதேதான்.

கிள்ளான்_அமுதா

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். கொரியா, இணையம் என்று பேசும்போது எங்களுக்கு ஹக்கல் ஞாபகம்தான் வரும். ரிச்சர்ட் ஹக்கல், பிரிட்டிஷ்காரன். கோலாலம்பூரில் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் தொண்டு செய்கிறேன், ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்று புகுந்தவன். பாதிக்கப்பட்டதில் நம் இந்தியச் சமூகத்துப் பிள்ளைகளும் உண்டு. படங்களை டார்க்வெப் தளத்தில் போட்டான். அந்தத் தளத்தை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போலீஸ் கைப்பற்றி நடத்தியபோதுதான் மாட்டினான். 2014 டிசம்பரில் லண்டனில் கைது, 2016இல் 22 ஆயுள் தண்டனை. 2019இல் சிறையிலேயே கொல்லப்பட்டான்.

2016இல் லண்டன் நீதிமன்றச் செய்தி வந்தபோதுதான் எங்கள் மக்களுக்கே விஷயம் தெரிந்தது. 'வெள்ளைக்கார சார் சாமி மாதிரி' என்று நம்பிய குடும்பங்கள். மிட்டாய், பிறந்தநாள் கேக், எல்லாம் அவன் வாங்கி வருவான் என்றால் எந்த அம்மா சந்தேகப்படுவாள்? அடுத்த ஆண்டு, 2017இல், சிறார் பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன் இத்தகைய படத்தை வைத்திருப்பதற்கென்று எங்களிடம் தனிப் பிரிவே இல்லை.

அவன் போட்டதைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அவன் யாருக்காகப் போட்டிருப்பான்? அதை மட்டும் யோசித்துப் பாருங்கள் ரவி அண்ணே.

சிங்கை_செல்வம்

பணம் அனுப்பும் நிறுவனத்தில் சந்தேகப் பரிமாற்றங்களைப் பார்க்கிற பிரிவில் இருந்தவன் நான். பார்க்கிறவன் எப்படிச் சிக்குகிறான் என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸில் நடப்பது கொரியா மாதிரி இல்லை. அங்கே நேரலை. வெளிநாட்டில் இருக்கிறவன் காசு அனுப்பி, இந்த நேரத்தில் இதைக் காட்டு என்று சொல்கிறான். செய்ய வைப்பது பெரும்பாலும் சொந்தக்காரர்கள், பல வழக்குகளில் பெற்ற தாயே. நேரலை என்பதால் பெரும்பாலும் படம் எங்கும் சேமிப்பில் இருக்காது. மிஞ்சுவது பணத்தின் தடம் மட்டும்தான்.

அது எங்கள் திரையில் எப்படித் தெரியும் என்றால்: நடுவயது ஆண், வளர்ந்த நாடு, அங்கே உறவினர் யாரும் இல்லை. சின்னச் சின்னத் தொகை, அடிக்கடி. வாங்குகிறவர்கள் ஒரே வட்டாரத்தில் வெவ்வேறு பெண்கள். நேரம் பார்த்தால் அவன் ஊர் நள்ளிரவு. காரணம் என்ற இடத்தில் 'படிப்புச் செலவு' என்று இருக்கும். ஒரு பரிமாற்றத்தைத் தனியாக எடுத்தால் நல்ல மனுஷன் மாதிரி இருக்கும். ஆறு மாதத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

2013இல் தெர் தே ஒம் என்ற நெதர்லாந்து அமைப்பு, கம்ப்யூட்டரில் உருவாக்கிய பத்து வயதுப் பிலிப்பைன்ஸ் சிறுமியை அரட்டை அறைகளில் விட்டது. பெயர் ஸ்வீட்டி. பத்து வாரத்தில் இருபதாயிரம் பேர் வந்து பேசினார்கள், 71 நாடுகளைச் சேர்ந்த ஆயிரம் பேரை அடையாளம் கண்டு இன்டர்போலிடம் கொடுத்தார்கள். பிலிப்பைன்ஸில் சம்மத வயது 2022 மார்ச் வரை 12 என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது 16.

சேலத்துக்காரன்

வக்கீல் சார், நம் நாட்டில்? சென்னை உயர் நீதிமன்றம் பார்த்தால் தப்பில்லை என்று சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததே. அது உண்மையா?

வைகை_வக்கீல்

பாதி உண்மை, இப்போது செல்லாது. அம்பத்தூர் வழக்கு அது. 2020 ஜனவரியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்த தகவலை வைத்து, ஒரு இளைஞரின் கைப்பேசியில் சிறார் படம் இருந்ததாக வழக்கு. தகவல் எப்படி வந்தது என்கிறீர்களா? ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்கள் இத்தகைய படத்தைக் கண்டால் அமெரிக்காவில் உள்ள காணாமல்போன குழந்தைகள் மையத்துக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மாநிலப் போலீஸ், கடைசியில் உள்ளூர் ஸ்டேஷன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பது யாருக்கும் தெரியாது என்று இன்னமும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம், இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு வழக்குக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு. போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 15ஆம் பிரிவில் மூன்று படி இருக்கிறது: பகிரும் எண்ணத்தோடு வைத்துக்கொண்டு அழிக்காமலும் புகார் சொல்லாமலும் இருப்பது, பரப்புவது, வியாபாரத்துக்கு வைத்திருப்பது. இறக்காமல் இணையத்திலேயே பார்த்தாலும், கட்டுப்பாடு உன் கையில் இருந்தால் அது வைத்திருந்ததாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பு சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி தனி. தேடுவதும் இறக்குவதும் அதிலேயே வரும், முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை.

சட்டம் கொரியாவுக்குக் குறைந்தது இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரை நம் அரசு இயந்திரம் நடத்துகிற விதம் வேறு. 2019இல் பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டப் போலீஸ் அதிகாரி பேட்டியிலேயே சொன்னார், அரசாணையிலும் அச்சடித்தார்கள். மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அடுத்த பெண் புகார் கொடுக்க எத்தனை யோசித்திருப்பாள்? அதையும் தாண்டி வந்து சாட்சி சொன்னவர்களால்தான் 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றத்தில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் கிடைத்தது.

தேஜோன்தமிழன்

கொரியாவில் சட்டம் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் டீப்ஃபேக் வெடித்தது. கூடப் படிக்கிற பெண்ணின் இன்ஸ்டாகிராம் படத்தை எடுத்து ஆபாசப் படமாக்கி, பள்ளிவாரியாக டெலிகிராம் அறைகள். மாணவிகள் பள்ளிப் பட்டியலைத் திறந்து தங்கள் பள்ளி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டீப்ஃபேக்கில் பிடிபட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பதின்ம வயது. பாக்சா மாதிரி தலைவன்கூட இல்லை, பக்கத்து பெஞ்சுப் பையன். செப்டம்பர் 26ஆம் தேதி டீப்ஃபேக்கைப் பார்ப்பதற்கே மூன்றாண்டு வரை என்று சட்டம் போட்டார்கள்.

மல்லிகா_டீச்சர்

அதனால்தான் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு எடுப்பதை நான் எதிர்க்கிறேன். எங்கள் பள்ளியில் விழிப்புணர்வு என்றாலே மாணவிகளை மட்டும் ஹாலுக்கு அழைத்துப் போவார்கள். பையன்கள் வெளியே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

ரவி_கோவை

இதை ஒத்துக்கொள்கிறேன். சரி, நடைமுறைக்கு வருவோம். எங்கள் குடியிருப்பு குரூப்பில் போன மாதம் ஒருவர், 'இந்தக் கயவனைப் பிடிக்கும்வரை பகிருங்கள்' என்று ஒரு குழந்தை வீடியோவைப் போட்டார். நல்ல எண்ணம்தான். அதற்கும் வழக்கா?

வைகை_வக்கீல்

பகிர்ந்தால் பரப்பியதுதான், எண்ணம் எதுவாக இருந்தாலும். போலீசுக்கு அனுப்புகிறேன் என்று தெரிந்த வக்கீலுக்கு அனுப்புவதும் வேண்டாம், எனக்கே இப்படி வந்திருக்கிறது. யார் போட்டார், எந்த எண், எந்தத் தேதி, இதை மட்டும் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் உடனே 1098, குழந்தைகள் உதவி எண். இணைப்பைத் தெரியாமல் திறந்துவிட்டால் மூடிவிட்டுப் புகாரும் கொடுங்கள், உச்ச நீதிமன்றம் அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

மல்லிகா டீச்சருக்கு: பிள்ளையின் படமே வெளியே போய்விட்டது என்றால் 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது, அதே அமெரிக்க மையம் நடத்துவது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகும், அந்த எண் மட்டும் போகும். சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். 18 வயதுக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும். டெலிகிராம் மாதிரி எல்லாத் தளமும் அதில் இல்லை, அதனால் புகாரையும் விட்டுவிடாதீர்கள்.

ரவி_கோவை

குரூப் அட்மின் நான்தான். அந்த வீடியோவை எல்லோருக்குமாக அழித்துவிட்டால் போதுமா?

வைகை_வக்கீல்

போதாது. எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு அழியுங்கள், போட்டவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், இன்றே தளத்தில் பதிந்து புகார் எண்ணை வாங்கிவையுங்கள். இறக்கி வைத்திருப்பவர்களையும் அழிக்கச் சொல்லிக் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். கேலரியில் தானாக இறங்கியிருக்கும், பலருக்கு அது தெரியவே தெரியாது.